ஆடி, ஆவணியில் கால்ஃப் மைதானங்களுக்கு ஓய்வு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் கால்ஃப் மைதானங்களைப் பற்றிய பேச்சு ஆண்டுக்கு இரண்டு முறைதான் எழுகிறது. கத்திரி வெயிலில் குடிநீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கும்போது, அந்தப் பச்சைப் புல்லுக்கு எத்தனை லட்சம் லிட்டர் போகிறது என்று கேட்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரியும் சைதாப்பேட்டையும் தண்ணீரில் நிற்கும்போது, நகருக்குள் இவ்வளவு திறந்த நிலம் இருந்தும் அது ஏன் மழையை உள்வாங்கவில்லை என்று கேட்கிறோம். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்குமான விடை, யாரும் பேசாத ஆடி, ஆவணி மாதங்களில் அந்தப் புல்தரையில் என்ன வேலை நடக்கிறது, என்ன வேலை நடக்காமல் விடப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. நகரத்துக் கிளப் ஒன்றில் புல்தரைப் பராமரிப்பு மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், இதைப் பொதுவில் எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கால்ஃப் ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மைதானம் முழுவதும் ஒரே மாதிரியான புல் அல்ல. பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் இடமான கிரீனில் புல்லின் உயரம் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். பந்தை நீளமாக அடித்துச் செல்லும் ஃபேர்வேயில் அது 10 முதல் 15 மில்லிமீட்டர். ஓரங்களில் இருக்கும் ரஃப் பகுதியில் அதைவிட உயரமாக விடுவோம். புல் என்னவோ நமக்கெல்லாம் தெரிந்த அருகம்புல்தான். அதை ஆப்பிரிக்க இனம் ஒன்றோடு கலந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் தேர்ந்தெடுத்த டிஃப்கிரீன், 1965-இல் வெளிவந்த டிஃப்ட்வார்ஃப் போன்ற ரகங்களே வெப்ப நாடுகளின் கிரீன்களில் பரவலாக நடப்படுகின்றன. அருகம்புல்லுக்கு வெயில் பிடிக்கும், வெப்பம் பிடிக்கும், ஓரளவு உப்பையும் தாங்கும். அதற்கு ஆகாதவை இரண்டு: ஒன்று நிழல், மற்றொன்று காற்று புகாத மண்.

இந்த இரண்டாவதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. கிரீனின் மீது நாள் முழுவதும் மனிதர்கள் நடக்கிறார்கள். வெட்டும் இயந்திரமும் உருளையும் தினமும் ஏறி இறங்குகின்றன. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிடம் நெரிந்து மூடிக்கொள்கிறது. போதாததற்கு, பட்டுப்போன தண்டும் வேரும் மக்காமல் சேர்ந்து, புல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் பஞ்சு போன்ற ஓர் அடுக்காகிவிடுகின்றன. இதைத் தாட்ச் என்போம். மேலே நின்று பார்த்தால் தரை பச்சையாக, அழகாக, மெத்தென்றுதான் இருக்கும். விரல் மொத்தத்திற்கு உள்ள எஃகுக் குழலை அதில் ஒரு சாண் இறக்கி, வரும் மண்ணை உள்ளங்கையில் கிடத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நல்ல கிரீனில் வெள்ளை வேர்கள் மணலைக் கோத்துக்கொண்டு அடிவரை இறங்கியிருக்கும். கவனிக்காமல் விட்ட கிரீனில் மேல் இரண்டு விரற்கடையோடு வேர் நின்றுவிடும். அதற்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை ஓடும். முகர்ந்தால் அழுகிய முட்டையின் வாடை அடிக்கும். காற்றில்லாத மண்ணில் வளரும் நுண்ணுயிர்கள் விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் வாடை அது. அந்தக் கறுப்புப் பட்டைக்கு மேல் விழும் மழை கீழே இறங்காது. அங்கே வேர் இரண்டு விரற்கடைக்கு மேல் போகாததால், கோடையிலும் அந்தப் புல் ஒரு வேளைத் தண்ணீர் தப்பினாலே வாடத் தொடங்கும். கோடையில் தண்ணீர் வீணாவதற்கும் மழையில் தண்ணீர் தேங்குவதற்கும் காரணம் ஒன்றே என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு மருந்து ஏரேஷன். உள்ளே கூடாக இருக்கும் எஃகுக் குழல்கள் பொருத்திய இயந்திரத்தைக் கிரீன் முழுவதும் ஓட்டி, ஆள்காட்டி விரல் அகலத்தில், ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நெருக்கமாகத் துளையிட்டு மண் கட்டைகளை வெளியே எடுப்பார்கள். எடுத்ததை அள்ளிப் போட்ட பிறகு, சலித்த மணலைப் பரப்பித் தென்னந்துடைப்பத்தாலோ பாயாலோ இழுத்து ஒவ்வொரு துளையிலும் இறக்குவார்கள். துளை வாய்வரை நிறையாவிட்டால் அந்த வேலை பாதி வேலைதான். மணலும் முக்கியம். ஆற்று மணல் அரிதாகிவிட்ட இக்காலத்தில் கட்டுமான எம்-சாண்டை வாங்கி அப்படியே போடுகிற வழக்கம் வந்திருக்கிறது. அதிலுள்ள நொறுக்குக் கல்லின் மாவு துளைகளை அடைத்து, போன காற்றிடத்தை மறுபடியும் மூடிவிடும். கழுவிச் சலித்து, மாவு நீக்கி, நடுத்தரப் பருமனுள்ள மணலை மட்டும் எடுத்தால்தான் பயன்.

இந்த வேலையைச் சென்னையில் எப்போது செய்வது? வெளிநாட்டுக் கையேடுகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் செய்யச் சொல்கின்றன. குளிர் நாட்டுப் புல்லுக்கு அது சரி. குளிர்காலத்தில் அருகம்புல் உறங்கிவிடும் ஊர்களில் அதன் மேல் ரைகிராஸ் என்ற குளிர்காலப் புல்லை விதைப்பதையும் அவை சொல்கின்றன. தை மாதத்து விடியலிலும் 20 டிகிரி வெப்பம் இருக்கும் சென்னையில் அருகம்புல் உறங்குவதே இல்லை. நம் ஊருக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. அதற்கு முன், ஆடி, ஆவணியில் பகலில் நல்ல வெயிலும் மாலையில் அவ்வப்போது இடிமழையும் கிடைக்கின்றன. துளையிட்ட புல் மூடி வளர்வதற்கு இதைவிடத் தோதான காலம் ஆண்டில் வேறில்லை. இக்காலத்தில் இரண்டு மூன்று வாரங்களில் கிரீன் பழைய நிலைக்கு வந்துவிடும். பருவமழை தொடங்குவதற்குள் வேர் புதிய துளைகளின் வழியே கீழே இறங்கியும் விடும். நம் உழவர்கள் ஆடிப்பட்டம் என்று எதைக் கொண்டாடுகிறார்களோ அதே கணக்குதான் இங்கும்.

ஆனால் அந்த இரண்டு மூன்று வாரங்களில் கிரீனில் பந்து நேராக ஓடாது. தரை மணலும் புள்ளியுமாகக் கிடக்கும். உறுப்பினர்களுக்கு அது பிடிப்பதில்லை. ஆகவே, ஆவணியில் ஒரு நிறுவனப் போட்டி, சுதந்திர தினக் கோப்பை, விருந்தினர் ஆட்டம் என்று எதையாவது காரணம் காட்டி வேலை தள்ளிப்போகிறது. நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் ஆண்டு இப்படித் தள்ளித் தள்ளி, ஐப்பசி முதல் வாரத்தில் துளையிடச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்தேன், கமிட்டி கேட்கவில்லை. மணல் இறக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திறந்த துளைகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மேகமூட்டத்தில் புல் வளராமல் நின்றுவிட, வழுக்கும் பாசி அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டு கிரீன்களை மார்கழி முழுவதும் மூடி வைக்க வேண்டியதாயிற்று. ஆட்டத்துக்கு உகந்த மாதங்களைக் காப்பாற்றத்தான் வேலையைத் தள்ளிப்போட்டார்கள். ஆண்டின் ஆகச் சிறந்த ஆட்ட மாதமே போயிற்று. மறு வாரம் பழி வந்து விழுந்தது, தினக்கூலிக்கு வேலை செய்த தோட்டக்காரர்கள் மீது.

பருவமழைக் காலத்தில் செய்யக்கூடிய வேலை குறைவு. செய்யாமல் இருப்பதே பெரிய வேலை. ஈரத் தரையில் இயந்திரத்தையும் பேட்டரி வண்டியையும் இறக்கக் கூடாது. வெயில் குறைந்த நாள்களில் கிரீனின் வெட்டு உயரத்தை ஒரு மில்லிமீட்டராவது ஏற்ற வேண்டும். இலை கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் கிடைக்கிற வெளிச்சத்தில் அது பிழைக்கும். மழைக்கு முன் யூரியாவைக் கொட்டவே கூடாது. பச்சை கூடுகிறதே என்று போடுகிற தழைச்சத்தில் ஒரு பங்கு மழைநீரோடு வடிகாலுக்கும் அங்கிருந்து அடையாற்றுக்கும் போய்ச் சேர்கிறது. மிச்சமுள்ளது இலையை மெலிதாகவும் சாறு மிகுந்ததாகவும் வளர்த்து, பித்தியம் என்ற பூஞ்சைக்கு விருந்து வைக்கிறது. அந்த நேரத்தில் புல்லுக்கு வேண்டியது சாம்பல் சத்து. மரங்களைக் கவாத்து செய்வதும் ஆவணிக்குள் முடிய வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நகரத்து மரங்களைச் சாய்த்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கிரீனின் கிழக்குப் பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டால் புயலுக்கும் நல்லது, காலை வெயிலும் புல்லுக்குக் கிடைக்கும்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையை எந்தப் புல்தரையும் முழுதாகக் குடித்துவிடாது என்பது உண்மைதான். அதிலும் கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பகுதிகளில் அடியில் கடும்பாறை. நகரின் வேறு பல பகுதிகளில் களிமண். இருந்தாலும் சாதாரண ஐப்பசி மழையில், காற்றோட்டமுள்ள தரைக்கும் இறுகிய தரைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். முன்னதில் மழை நின்ற அரைமணியில் நடக்கலாம். பின்னதிலிருந்து மழைநீர் அப்படியே தெருவுக்கு வழிகிறது. கிண்டியில் பந்தய மைதானமும் கால்ஃப் மைதானமும் அமைந்திருந்த சுமார் 160 ஏக்கர் வளாகத்தை 2024-இல் அரசு எடுத்துக்கொண்டு அங்கே குளங்கள் வெட்டியது. அந்த முடிவைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கலாம். நான் சொல்ல விரும்புவது, குளத்தைச் சுற்றியுள்ள நிலமும் நீரை வாங்க வேண்டும் என்பதுதான். பூங்காவாக்கினாலும் புல்தரை இறுகத்தான் செய்யும். மாநகராட்சிப் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் ஆடி மாதத்து ஏரேஷன் கால்ஃப் மைதானத்துக்குத் தேவைப்படும் அளவுக்கே தேவைப்படுகிறது.

இனி, தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஒரு கிரீனுக்கு 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 18 கிரீன்களுக்கு 9,000 சதுர மீட்டர். கத்திரியில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் கொடுத்தால் 45,000 லிட்டர், அதாவது 9,000 லிட்டர் லாரியில் ஐந்து லோடு. ஃபேர்வேக்கள் பத்து ஹெக்டேர் இருந்து, அவற்றுக்கும் அதே அளவு கொடுத்தால் ஐந்து லட்சம் லிட்டர், ஐம்பத்தைந்து லோடுக்கு மேல். ஆகவே கோடையில் கிரீனையும், ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் மேடையான டீயையும் மட்டும் காப்பாற்றினால் போதும், ஃபேர்வேக்கு உயிர்த்தண்ணீர் விட்டால் போதும், ரஃப் பழுப்பாகட்டும். அருகம்புல் காய்ந்தாலும் சாகாது. தரைக்கடியிலுள்ள தண்டிலிருந்து முதல் மழைக்கே துளிர்க்கும். பழுப்பைப் பார்த்து முகம் சுளிக்கும் உறுப்பினர்கள், 2019 கோடையில் இந்த நகரத்தின் ஏரிகள் வறண்டு கிடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன், வேர் இருக்கும் ஆழம்வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாய்ச்சுவது, தினமும் மேலாகத் தெளிப்பதைவிட நல்லது. ஆனால் ஆழப் பாய்ச்ச வேண்டுமானால் வேர் ஆழத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஆவணியில் துளையிட்டிருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரும் குடிநீராகவோ நிலத்தடி நீராகவோ இருக்கத் தேவையில்லை. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்களைக் குடிநீர் வாரியம் நடத்திவருகிறது. புல்லுக்கு அவ்வளவு தூய்மைகூட வேண்டாம்; வடிகட்டிக் கிருமி நீக்கிய இரண்டாம் கட்ட நீர் போதும். அதில் உப்பு கூடுதலாக இருக்கும் என்று சிலர் தயங்குகிறார்கள். கோடையில் மண்ணில் சேரும் உப்பைக் கழுவி இறக்க ஐப்பசி மழையை இயற்கையே தருகிறது. இதற்கும் நிபந்தனை பழையதுதான்: தண்ணீர் கீழே இறங்கும் மண்ணாக இருக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலான இடங்களில் இவர்கள் ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்கள். பழகிய ஆளை அடுத்த ஆண்டு பார்க்க முடியாது. ஆனால் புல்தரை அறிவு கைக்கும் கண்ணுக்கும் ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது. கிரீனில் கோடு கோடாக மண் எழும்பியிருந்தால், எங்களோடு வேலை பார்த்த ஓர் அம்மா, ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி அந்த இடத்தில் ஊற்றுவார். சில நிமிடங்களில் பிள்ளைப்பூச்சிகள் மேலே ஏறி வரும். எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு, மருந்து தேவையா, தேவையென்றால் எந்த மூலைக்கு மட்டும் என்று சொல்லிவிடுவார். அவர் இருந்தவரை மைதானம் முழுவதும் பூச்சிமருந்து அடித்ததில்லை. மார்ச் மாதம் தொடங்கினால் ரஃப் ஓரத்தில் வெறுந்தரையிலேயே முட்டையிடும் ஆட்காட்டிக் குருவிக்கு, இயந்திரம் ஓட்டுகிறவருக்குத் தெரியும்படி குச்சி நட்டு வைப்பவரும் அவர்தான். இத்தகையவர்களுக்கு நிரந்தர வேலையும், மருந்து தெளிக்கும்போது முகமூடியும் கையுறையும், கத்திரி நாள்களில் காலை பதினொரு மணிக்கு மேல் நிழலும் கொடுப்பது சலுகையாகாது. மருந்துச் செலவிலும் தண்ணீர்ச் செலவிலும் மிச்சமாவதை வைத்தே இதைச் செய்யலாம்.

ஆகவே, சென்னையின் கால்ஃப் கிளப்புகளை நான் கேட்டுக்கொள்வது இது. ஒவ்வோர் ஆண்டும் ஆடி பிறந்தது முதல் ஆவணி முடியும்வரை எந்தப் பெரிய போட்டியையும் வைக்காதீர்கள். மைதானத்தை முழுவதும் மூடத் தேவையில்லை. முதல் மாதம் ஒன்பது குழிகள், அடுத்த மாதம் மற்ற ஒன்பது என்று பிரித்துக்கொண்டால் ஆட்டமும் நடக்கும், வேலையும் முடியும். அரசு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் எந்த மைதானத்திற்கும், பருவமழைக்கு முந்தைய பராமரிப்பையும் சுத்திகரித்த நீரின் பயன்பாட்டையும் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று அரசையும் வேண்டுகிறேன். பொது நிலத்தை வைத்திருக்கிறவர்கள், கோடையில் எவ்வளவு தண்ணீரை எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுவதும் முறைதான்.

அடுத்த ஆண்டுக்கான போட்டிப் பட்டியலை கமிட்டிகள் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுகின்றன. அந்தக் கூட்டத்துக்குப் புல்தரை மேற்பார்வையாளரையும் அழையுங்கள். அவர் கேட்கும் ஆடி, ஆவணி நாள்களை நாள்காட்டியில் முதலில் குறித்துவிட்டு, அதன் பிறகு கோப்பைகளுக்குத் தேதி எழுதுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புல்தரைப் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
மேற்கு சைதாப்பேட்டை, சென்னை.